நாற்காலி நீண்ட பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்தைப் பற்றி யார் கதை சொன்னாலும் அதில் தலைமையாசிரியர் வருவார், கணக்கு வாத்தியார் வருவார், மாவட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளை வருவாள், வாசலில் மாங்காய்க் கீற்று விற்பவர் வருவார், கொஞ்சம் இரக்கமுள்ள கதைசொல்லியாக இருந்தால் வாட்ச்மேனின் நாய்கூட வரும். தையல் டீச்சர் வரமாட்டாள். அதிலும் பகுதிநேரத் தையல் டீச்சர், வாரத்தில் மூன்று அரைநாள் மட்டும் பள்ளியில் இருப்பவள், மே மாதத்தில் இவளுக்கு வயிறு கிடையாது என்று தீர்மானித்துச் சம்பளத்தை நிறுத்தும் ஏற்பாட்டின்கீழ் மிச்ச மாதங்களில் மட்டும் உயிர் வாழ்பவள், பள்ளியின் எல்லாக் குழுப் புகைப்படங்களிலும் ஓரத்தில் அரைத்தோளாக மட்டும் பதிவானவள், அவள் வரவே மாட்டாள். இந்தக் கதையில் வருகிறாள். பெயர் தங்கபுஷ்பம்.

செம்பாறைக்குளம் அரசு உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. 'தையல்' என்றால் போதும், வந்துவிடுவாள். பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டமும் அதற்கு மேலே ஒரு பதக்கமும் பல்கலைக்கழகத்தில் வாங்கியவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என்னவோ, ஒரு கோடை விடுமுறையில் பொழுது போகாமல் படித்த தையல் சான்றிதழ்தான். நாட்டின் கிழிசலைத் தைக்கப் புறப்பட்டவளுக்கு ரவிக்கையின் கை மட்டும் கிடைத்தது என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரிப்பாள். பிறர் சிரிப்பதற்கு முன்பு தானே சிரித்து முடித்துவிடுவது அவளுடைய சுயமரியாதைக் கொள்கை. ஆசிரியர் அறையில் அவளுக்கு நாற்காலி கிடையாது. யாரும் உட்காராதே என்று சொல்லவில்லை, இருக்கிற நாற்காலிகளுக்கு ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். ஒன்பது வருடமாக நிலைப்படியில் சாய்ந்து நின்றே தேநீர் குடித்தாள். நிற்பது இடுப்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதாக அவளே ஒரு மருத்துவக் கருத்தையும் உண்டாக்கி வைத்திருந்தாள்.

அப்படியிருக்க, தலைமையாசிரியர் ஞானதிரவியம் மதுரையில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் கோப்பு, ஒரு பேனா, 'பகிர்ந்த தலைமை' என்ற ஒரு சொல் ஆகியவற்றோடு திரும்பி வந்தார். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், இன்று முதல் இந்தப் பள்ளியில் எல்லோரும் தலைவர்கள் என்று அறிவித்தார். கைதட்டச் சொன்னார்; தட்டினார்கள். போதும் என்றார், நிறுத்தினார்கள். யார் யார் எதற்குத் தலைவர் என்பதைத் தான் யோசித்துப் பிறகு சொல்வதாகவும், அதுவரை யாரும் அவசரப்பட்டுத் தலைமை தாங்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை அறையைத் திறந்தபோது அவருடைய நாற்காலி இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு நீண்டிருந்தது.

தேக்கு நாற்காலி. அவருக்கு முன்பிருந்த தலைமையாசிரியர்களின் முதுகுகள் உரசி உரசிப் பளபளத்தது. முதுகுப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துவாலை. நம் பக்கத்தில் அதிகாரம் என்பது மனிதர் மீது அமர்வதில்லை, துவாலை மீதுதான் அமர்கிறது. மனிதர் வெறுமனே அதில் சாய்ந்துகொள்கிறார். நீண்ட நாற்காலியில் அந்தத் துவாலை வேட்டி கட்டியவனுக்குக் கைக்குட்டை கொடுத்ததுபோல ஒரு பக்கமாகத் தொங்கியது. ஞானதிரவியம் ஆச்சரியப்படவில்லை. தணிக்கைக்கு வருகிறவர்கள் இதை நாற்காலி என்பார்களா, பெஞ்சு என்பார்களா என்ற ஒன்றுதான் அவரைக் கவலைப்படுத்தியது. நடுவில் உட்கார்ந்து பார்த்தார். நாற்காலி அவரை மரியாதையாக ஓரத்துக்கு நகர்த்தியது. முதல் மணியை அடிக்கச் சொன்னார். வாட்ச்மேன் தண்டவாளத் துண்டை ஓங்கி அடித்தார், மணி சத்தம் போடவில்லை. மறுபடி அடித்தார், பஞ்சு மூட்டையில் அடித்ததுபோல இருந்தது. அந்த நேரத்தில் விடுப்பு விண்ணப்பத்தோடு உள்ளே வந்த கணக்கு வாத்தியார் உச்சிமாகாளியை, சும்மா ஒரு நிமிஷம் உட்காரும் என்றார் தலைமையாசிரியர். அவர் உட்கார்ந்ததும் மணி தானாகவே ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒலித்தது.

விஷயம் அப்போதே புரிந்துபோயிற்று. நாற்காலியில் இடம் காலியாக இருந்தால் அங்கே எடுக்கிற முடிவு ஒட்டாது. ஆள் நிறைந்தால் ஒட்டும். நிறைந்த மறுவாரம் நாற்காலி இன்னொரு ஆளுக்கு நீளும்.

ஊர் இதை இரண்டே நாளில் செரித்துவிட்டது. கறையானுக்கு மரத்தைத் தின்னத் தெரியும்போது துப்பவும் தெரியாதா என்றார் பலசரக்குக் கடைக்காரர். மழைக்காலத்தில் கதவு ஊதுவதில்லையா, இது அரசாங்க மரம், தாமதமாக ஊதுகிறது என்றார் ஆசாரி. அந்த நாற்காலியைத் தன் அலுவலகத்துப் பக்கம் எக்காரணம் கொண்டும் கொண்டுவரக் கூடாது என்று ஊராட்சித் தலைவர் வாய்மொழியாக உத்தரவிட்டார். கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து நாற்காலியை நாலாபுறமும் சுற்றிப் பார்த்து, ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்து, இது தொற்றக்கூடிய நோயாக இருக்குமோ என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஊர்ப் பெண்கள், வீட்டில் இருக்கிற ஒற்றைச் சாய்வு நாற்காலியை ஒருநாள் ராத்திரி பள்ளிக்கூடத்தில் போட்டு எடுத்துப்போக அனுமதி கிடைக்குமா என்று விசாரித்தார்கள், கிடைக்கவில்லை.

நாற்காலி நீள நீள அறைச் சுவரை இடித்துப் பக்கத்து அறையோடு சேர்த்தார்கள். உட்காரும் வரிசை பணிமூப்புப்படி என்று முடிவாயிற்று. அதில் ஒரு சிக்கல்: உடற்கல்வி ஆசிரியை பெல்சியாவும் தமிழையாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆனால் பெல்சியா முற்பகல், ஐயா பிற்பகல். அந்த அரைநாள் மூப்புக்காக ஐயா ஒரு வாரம் வராந்தாவில் நின்று அறம் பேசினார். பிறகு காலியிடத்தால் சத்துணவுக் கூடத்தில் அரிசி வேகாமல் போகவே வந்து உட்கார்ந்தார்.

சொல்லப்போனால், நாற்காலி நல்லதே செய்தது. பெல்சியா உட்கார்ந்த முதல் வாரத்தில், ஆறு வருடமாகத் தாழ்ப்பாள் இல்லாதிருந்த பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்தது. அறிவியல் ஆசிரியர் உட்கார்ந்ததும் பூட்டியே கிடந்த ஆய்வகம் திறந்தது. இவர்கள் எல்லாம் வாயைத் திறந்து முடிவு சொல்லக்கூடியவர்கள் என்பது இவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடம் பார்க்கும்படி ஆயிற்று. மாவட்டத்தின் சிறந்த பள்ளி என்ற கேடயத்துக்குச் செம்பாறைக்குளத்தின் பெயரும் அடிபட்டது.

இதிலெல்லாம் தங்கபுஷ்பத்தின் பங்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை நாற்காலி நீண்டபோதும் அவளைக் கூப்பிட்டார்கள், துவாலையோடு துவாலையை இணைத்துத் தைப்பதற்கு. 'தையல், இன்னும் ஒரு முழம் போடணும்' என்பார் தலைமையாசிரியர். தலைமை பகிரப்படுகிற வேகத்துக்கு ஈடுகொடுத்து விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள் அவள்.

தலைமையாசிரியரோடு சேர்த்து ஏழு முழுநேர ஆசிரியர்களும் உட்கார்ந்து முடித்த பிறகு நாற்காலி எட்டாவதாக ஓர் இடம் நீண்டது.

அங்கே தொடங்கியது கூத்து. பணிமூப்புப் பட்டியலில் எட்டாவது பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்பது நாம் நிர்வாகத்திடம் கற்ற தர்க்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். வெண்ணெய் தடவியதுபோல வழுக்கித் தரையில் அமர்ந்தார். சிங்கப்பூரில் இருந்து வந்த முன்னாள் மாணவர் மாலையோடு வழுக்கினார். பெற்றோர் சங்கத் தலைவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு வழுக்கினார். கடைசியில் யாரோ மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தார்கள். ஞானதிரவியம் கண்ணை மூடித் தம் ஆண்டவரிடம் ஒரு நிமிடம் மன்னிப்புக் கேட்டு அனுமதித்தார். பிள்ளையாரும் மெல்லக் கீழே வந்தார்.

தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். துவாலைக்காக அந்த இடத்தை அளந்தபோதே தெரிந்துவிட்டது. இஞ்சு டேப்பை வைத்த உடனே, இந்த அகலம் எங்கேயோ பார்த்த அகலமாக இருக்கிறதே என்று தோன்றியது. தையல் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தன் இடுப்பின் அகலத்தை அளந்தாள். இரண்டு விரற்கடை கூடுதலாக வந்தது. போன தீபாவளிக்கு எடுத்த அளவை நினைத்துப் பார்த்தாள், சரியாக வந்தது. நாற்காலிக்குக்கூடத் தன்னைப் பற்றி நாகரிகமான அபிப்பிராயம் இருக்கிறது என்று மகிழ்ந்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர்களாகக் கூப்பிடட்டும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நல்ல சேலையாகக் கட்டி வந்தாள். தையல் மெஷின் முக்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பழகினாள். உட்கார்ந்ததும் பேசவேண்டிய உரையையும் தயாரித்தாள். உழைப்பின் மதிப்பு, பங்கீடு, அறிஞர்களின் மேற்கோள் மூன்று. முதலாளித்துவத்தை ஒருகாலத்தில் கிழித்தெறிந்து கட்டுரை எழுதியவள், இரண்டடி தேக்குப் பலகைக்காகப் பவுடர் பூசிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் உச்சிமாகாளி கணக்குப் போட்டுச் சொன்னார். கேடயம் வேண்டுமானால் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் தேறிவிடுவார்கள், ஒருத்தியைத் தவிர. இசக்கிபிரியா. அவளுக்குக் கணக்கு வராது. தேர்வுக்குப் பெயர் அனுப்புவதற்கு முன்பே மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டால், வெளியே இருந்து எழுதிக்கொள்ளட்டும், பள்ளிக்கூடத்துக்குக் களங்கமில்லை. எங்கேயும் நடப்பதுதான். ஞானதிரவியம் தயங்கினார், பிறகு கையெழுத்துப் போட்டார். மை காகிதத்தில் நிற்காமல் மேஜையில் வடிந்தது. முத்திரை குத்தினார்; முத்திரை பதியவில்லை. எட்டாவது இடம் காலியாக இருந்தது.

இசக்கிபிரியாவின் தாய் சுடலி பீடி சுற்றுகிறவள். செய்தி காதில் விழுந்ததும் பீடித்தட்டைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு, நேராகத் தையல் அறைக்கு வந்தாள். அவளுக்கு அந்தப் பள்ளியில் வேறு யார் அறைக்குள்ளும் நுழைந்து பழக்கமில்லை.

"டீச்சர், இவள வெளிய அனுப்புதாவளாமே?"

"அப்படித்தான் பேசிக்கிறாங்க, சுடலியக்கா."

"வெளிய வந்தா இவ எங்கன எழுத? மறுநாளே என் மாமியா தட்டத் தூக்கி இவ மடியில வச்சிருவா. தையில மாப்ள பாப்பா. நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நான் சொன்னா யார்க்கா கேக்கா? நான் பாதி டீச்சர்."

"அப்பம் பாதி வார்த்தையாவது சொல்லுங்க" என்றாள் சுடலி. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கோபமாகத்தான் சொன்னாள்.

அன்று மாலை தங்கபுஷ்பத்துக்கு உரையின் இரண்டாம் மேற்கோள் மறந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை, ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, தலைமையாசிரியர் தையல் அறைக்கு வந்தார். உட்கார இடம் தேடினார், இல்லை; நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"டீச்சர், உங்க பேரு…"

"தங்கபுஷ்பம், சார்."

"நல்ல பேரு. எங்க அம்மாவுக்கும் பாதி அதான், அன்னபுஷ்பம்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எட்டாவது எடம் உங்களுதுன்னு எங்க எல்லாத்துக்கும் முதல்லயே ஒரு யோசன இருந்துச்சி. பட்டியல்ல பேரு இல்லல்லா, அதான். இன்னிக்கு வந்து இருங்க. சின்ன விஷயம்தான், எல்லாரும் சரின்னு சொல்லுவாவ, நீங்களும் ஒரு சரி சொல்லிட்டாப் போதும். ஒங்கள நிரந்தரமாக்கச் சொல்லி மேல நானே எழுதுதேன்."

"எழுதுவீங்களா சார்?"

"எடம் நெறஞ்சிட்டா நம்ம கையெழுத்துத்தான் நல்லா ஒட்டுமே."

அவள் எழுந்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். தன் கால்கள் தன்னைவிட முன்னால் போவதைப் பார்த்தாள்.

நாற்காலி அவளை வழுக்கிவிடவில்லை. அதைச் சொல்லாமல் விட முடியாது: அது சுகமாக இருந்தது. முதுகுக்குத் துவாலை, கைக்குக் கைப்பிடி, தரையில் சரியாகப் பதியும் கால். இத்தனை காலம் அதிகாரத்தைத் திட்டியவள், அதற்கு இவ்வளவு நல்ல சாய்மானம் இருப்பது தெரியாமலேயே திட்டியிருக்கிறாள். வரிசையாகக் கேட்டார்கள். சரி என்றார் உச்சிமாகாளி. சரி என்றார் தமிழையா, அறம் என்று எதையோ முணுமுணுத்துவிட்டு. பெல்சியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சரி என்றாள். ஏழு சரிகளும் வந்து சேர்ந்தன. தங்கபுஷ்பத்தின் நாக்கு நுனியில் எட்டாவது சரி ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு நிரந்தர வேலை, ஒரு மே மாதம், ஒரு நாற்காலி. எதிர்ப்பக்கத் தையல் அறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. கேடயம் கொடுக்க வரப்போகும் விருந்தினர்களுக்கான துவாலைக்கு இசக்கிபிரியா விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். நேர்த்தியாக அடிப்பாள், நூல் அறாமல்.

தயாரித்த உரையில் ஒரு வரியும் வரவில்லை.

"நான் சம்மதிக்கல, சார்" என்றாள். "அந்தப் பிள்ளை இங்கயே இருக்கட்டும்."

ஞானதிரவியம் எழப்பார்த்தார். முடியவில்லை. உச்சிமாகாளி எழப்பார்த்தார். பெல்சியா, ஓட்டப்பந்தயத்தில் மாநிலம் வரை போனவள், இரண்டு கையையும் ஊன்றி எம்பினாள். நாற்காலி யாரையும் விடவில்லை. எட்டுப் பேரும் ஒரே பேச்சுக்கு வந்தாலொழிய இனி எழுந்திருப்பதில்லை என்று அது தானே முடிவெடுத்துவிட்டதுபோல இருந்தது.

மதியம் வரை சண்டை போட்டார்கள். வெளியே பள்ளிக்கூடம் தன்பாட்டில் நடந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்கள், வாட்ச்மேன் நேரம் பார்த்து மணி அடித்தார், சத்துணவுக் கூடத்தில் இருந்து எட்டுத் தட்டில் சாதமும் முட்டையும் வந்தன, உட்கார்ந்தபடியே தின்றார்கள், தின்றுகொண்டே சண்டை போட்டார்கள். சுடலி ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று, கூத்துப் பார்ப்பதுபோல ஒருவர் வாயில் இருந்து மற்றவர் வாய்க்குப் பார்வையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"யாரு அவளப் பாஸாக்கது? நீங்களா?" என்று கத்தினார் உச்சிமாகாளி. "ஊசியில நூல் கோக்கதில்ல டீச்சர் கணக்கு!"

"நீங்கதான் பாஸாக்கணும், சார். அதுக்குத்தானே இருக்கீங்க."

"ஒரு பிள்ளை ஃபெயிலானா என்ன செய்வாவன்னு தெரியுமா? மாவட்டக் கூட்டத்துல பாடத்தைச் சொல்லி, பேரைச் சொல்லி, எந்திரிச்சி நிக்கச் சொல்லுவாவ. கூட்டம் முடியற வரைக்கும் நிக்கணும். முந்நூறு பேரு பாப்பான். எனக்கு என்ன வயசு?" அவர் குரல் உடைந்தது. அதுவரை அவரைப் பயமுறுத்துகிறவராக மட்டுமே அந்த அறை பார்த்திருந்தது.

"நான் ஒன்பது வருசமா நின்னுக்கிட்டுத்தான் சார் இருக்கேன்" என்றாள் தங்கபுஷ்பம். "ஸ்டாஃப் ரூம் வாசல்ல. நீங்க எட்டு பேரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க."

"ஏழு பேரு" என்று உச்சிமாகாளி திருத்தினார், கணக்கு வாத்தியார் அல்லவா. பிறகு தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்து தலையைக் குனிந்துகொண்டார்.

பெல்சியாதான் ஆரம்பித்தாள்: "பத்தாங் கிளாஸுக்கு என் விளையாட்டுப் பீரியடை எடுத்துக்கிடுங்க, சார். எப்படியும் நீங்க கேக்காம எடுப்பீயதானே, இந்தத் தடவ கேட்டு எடுங்க." தமிழையா காலை வேளையில் வாசிக்கச் சொல்லித் தருவதாகச் சொன்னார், கேள்வியே புரியாதவளுக்கு விடை எப்படி வரும் என்றார், அந்த ஒரு வாக்கியத்தில் அறம் என்ற சொல் இல்லை. ஞானதிரவியம் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாமும் ஒருகாலத்தில் கணக்குப் பட்டதாரிதான் என்றும், சாக்பீஸைக் கையால் தொட்டு வெகுகாலம் ஆயிற்று என்றும், இரண்டு நாள் தாமே எடுப்பதாகவும் சொன்னார். செவ்வாயும் வியாழனும் சம்பளமில்லாமல் வந்து பிள்ளையோடு உட்காருவதாகத் தங்கபுஷ்பம் சொன்னாள். பெருந்தன்மையினால் அல்ல, எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்ததனால்.

கடைசியாக உச்சிமாகாளி ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏ, சுடலி" என்றார். "நாளைலேருந்து ஏழரைக்கு அனுப்பு அவள. அஞ்சு நிமிசம் பிந்துனா வெளியதான் நிப்பா."

எட்டுப் பேரும் எழுந்தார்கள்.

இசக்கிபிரியா பொதுத்தேர்வில் கணக்கில் நான்கு மதிப்பெண் குறைவாக வாங்கித் தோற்றாள். கேடயம் வேறு பள்ளிக்குப் போயிற்று. மாவட்டக் கூட்டத்தில் பாடத்தையும் பெயரையும் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னபோது உச்சிமாகாளி எழுந்தார். அவருக்கு முன்வரிசையில் யாரும் கேட்காமலே ஞானதிரவியமும் எழுந்து நின்றார். இருவரும் கூட்டம் முடியும்வரை நின்றார்கள். துணைத்தேர்வில் அவள் நாற்பத்தொன்று வாங்கித் தேறினாள், பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அவளுடைய பாட்டியார் மாப்பிள்ளை பார்ப்பதை இரண்டு வருடம் ஒத்திவைத்தார், கைவிடவில்லை.

தங்கபுஷ்பத்தை நிரந்தரமாக்கச் சொல்லித் தலைமையாசிரியர் எழுதினார். எழுத்து ஒட்டியது; பதில் வரவில்லை. அடுத்த ஜூனில் பகுதிநேர ஆசிரியர்களை இடம் மாற்றியபோது அவளை இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளிக்குப் போட்டார்கள். அதே மூன்று அரைநாள், அதே சம்பளம், மே மாதம் அதே பட்டினி. அங்கே நாற்காலிகள் எதுவும் நீளவில்லை. ஆசிரியர் கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை. அவள் போகிறாள், முதல் வரிசையில் உட்காருகிறாள், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்கிறாள். அந்தத் தலைமையாசிரியருக்கு அவளைக் கண்டால் ஆகாது. போன மாதம் அவளுக்கு நாற்பத்தாறு வயது முடிந்தது, இன்னும் பகுதிநேரம்தான்.